பெருந்தொற்றும் இரத்தப் புற்றுநோயாளர் வாழ்வும்

மும்பை மாநகரில் வாழும் தமிழர்க்குப் பரேல் புதிய இடமன்று. தாதரிலும் மாதுங்காவிலும் தாராவியிலும் குடியிருக்கும் நம்மவர் பலர் நாள்தோறும் அதனைக் கடந்தே வேலைக்குச் செல்கின்றனர். ஒரு காலத்தில் ஆலைச் சங்கொலியால் பெயர் பெற்றிருந்த அவ்வட்டாரம் இன்று நோயாளரின் ஊராகவே விளங்குகிறது. அங்குள்ள டாட்டா நினைவு மருத்துவமனையின் வாயிலில் ஒரு காலைப் பொழுது நின்றால், வங்காளமும் இந்தியும் ஒடியாவும் அஸ்ஸாமியமும் ஒருங்கே நம் செவியில் விழும். கையில் காகிதக் கட்டும், தோளில் துணிப்பையும், வாயை மறைத்த முகக்கவசமுமாக நிற்போருள் இரத்தப் புற்றுநோயாளர் பலர். முகக்கவசம் அணிய நாமெல்லாம் 2020-ஆம் ஆண்டிலேதான் கற்றோம். அவர்களோ அதற்கு நெடுநாள் முன்னரே கற்றவர்கள்.

அவ்வாண்டில் உலகைச் சூழ்ந்த பெருந்தொற்றுக் காலத்தில் இவர்களுடைய வாழ்வு எவ்வாறு நடந்தது, எதனால் தளர்ந்தது, எதனால் தாங்கி நின்றது என்பதனைச் சிறிது ஆராய்வோம். அதற்கு முன் இந்நோயின் வரலாற்றையும், அவ்வரலாற்றில் நம் நாட்டிற்குள்ள பங்கினையும் அறிந்துகொள்ளுதல் நலம்.

1845-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் பென்னெட் என்பவரும், ஜெர்மனியின் பெர்லின் நகரில் விர்ஹோ என்பவரும், ஒருவர்பின் ஒருவராக ஒரு புதுமையைக் கண்டனர். இறந்த நோயாளரின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் அளவிறந்து பெருகியிருந்தன. இரு ஆண்டுகள் கழித்து விர்ஹோ அதற்கு ‘வெண்குருதி’ எனப் பொருள்படும் லுக்கேமியா என்ற பெயரை இட்டார். பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. அடுத்த நூறு ஆண்டுகள் வரை பாஷாணமும் எக்ஸ்-கதிருமே மருத்துவர் கையிலிருந்த கருவிகள். கடுமையான வகை இரத்தப் புற்று கண்ட குழந்தை, சில வாரங்களிலோ சில மாதங்களிலோ உயிர் துறந்தது.

இந்த நூறாண்டு இருளில் முதல் ஒளியைக் காட்டிய ஆராய்ச்சி ஒன்று மேற்கூறிய பரேலிலேயே நடைபெற்றது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியபோது, ஹாப்கின் என்ற அறிஞர் அதற்குத் தடுப்பு மருந்து கண்டு, 1897 ஜனவரியில் அதனை முதலில் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்தார். 1899-இல் அவருடைய ஆராய்ச்சிக்கூடம் பரேலிலிருந்த பழைய கவர்னர் மாளிகைக்கு வந்து சேர்ந்தது. பின்னாளில் ஹாப்கின் நிலையம் எனப் பெயர் பெற்ற அவ்விடத்திற்கு, 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் வந்தார். பம்பாய்ப் பஞ்சாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள், கருவுற்ற காலத்தில் இரத்தம் குன்றி மாய்வதன் காரணத்தை ஆராய்வதே அவருடைய பணி. குன்னூரிலும் சென்னையிலும்கூடச் சிறிது காலம் அவர் பணி செய்ததுண்டு. ஈஸ்ட்டிலிருந்து பிழிந்தெடுத்த மலிவான ஒரு சத்து அப்பெண்களின் இரத்தத்தை மீண்டும் ஊறச் செய்வதை 1931-இல் அவர் வெளியிட்டார். பச்சிலைகளில் மிகுதியாக உள்ள போலிக் அமிலமே அச்சத்து எனப் பின்னர்த் தெளிந்தனர்.

ஆந்திர நாட்டின் பீமாவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1923-இல் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அப்போலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் குழுவிற்குத் தலைமை தாங்கினார். இரத்தம் ஊறுவதற்கு இச்சத்து வேண்டுமாயின், அதனைப் போலத் தோன்றி அதன் வேலையைத் தடுக்கும் பொருளொன்று, கட்டுமீறிப் பெருகும் புற்றணுக்களைப் பட்டினியிடக் கூடுமன்றோ? பாஸ்டன் நகரக் குழந்தை மருத்துவமனையைச் சார்ந்த சிட்னி பார்பர் இவ்வாறு எண்ணினார். சுப்பாராவின் குழு ஆக்கித் தந்த அமினாப்டெரின் என்ற மருந்தை 1947-இன் இறுதியில் இரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளுள் 10 குழந்தைகள் சிறிது காலமேனும் நலம் பெற்றனர் என்று 1948 ஜூனில் அவர் உலகிற்கு அறிவித்தார். இரு மாதங்களில் சுப்பாராவ் காலமானார். அந்த மருந்தின் வழித்தோன்றலாகிய மெத்தோட்ரெக்சேட் இன்றும் வாரந்தோறும் ஆயிரமாயிரம் குழந்தைகளுக்கு அளிக்கப்படுகிறது.

அதன்பின் முன்னேற்றம் படிப்படியாக வந்தது. பரேலில் 1941-இல் திறக்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனையும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையமும் நம் நாட்டில் இப்பணிக்கு வழிகாட்டிகளாயின. 1983-இல் டாட்டா மருத்துவமனையிலும், 1986-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை தொடங்கப்பெற்றது. 2001-இல் வெளிவந்த இமாட்டினிப் என்ற மாத்திரை, மெல்லப் பெருகும் ஒருவகை இரத்தப் புற்றை நீரிழிவைப்போல் நாள்தோறும் மருந்துண்டு வாழத்தக்க நோயாக மாற்றியது. அம்மருந்திற்குக் கோரப்பட்ட காப்புரிமையை நம் உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் முதல் நாளன்று மறுத்தமையால், உள்நாட்டில் செய்யப்படும் விலை குறைந்த மாத்திரை தொடர்ந்து ஏழைகளுக்கும் கிட்டியது.

இவ்வரலாற்றை நாம் விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. 1918-ஆம் ஆண்டின் இன்புளுயன்சா பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி, நாடெங்கும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. அந்நாளில், சிகிச்சை பெற்று வாழும் இரத்தப் புற்றுநோயாளர் என்றொரு கூட்டமே இல்லை எனலாம். 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலோடு மற்றொரு இன்புளுயன்சா சென்னைத் துறைமுகத்தை அடைந்தது. அரசாங்கக் கணக்குப்படி நாட்டில் 44 இலட்சத்திற்கு மேற்பட்டோர் அதனால் பீடிக்கப்பட்டனர். அப்பொழுதும் பார்பரின் மருந்து தந்த வாழ்வு சில மாதங்களுக்கே நீடித்தது. 2009-இல் பரவிய இன்புளுயன்சாவின்போது நோயாளர் பலர் இருந்தனர். எனினும் நாட்டின் பாதைகள் அடைபடவில்லை. மருந்தால் வாழும் பெருங்கூட்டம் ஒன்று, வழிகள் அடைபட்ட பெருந்தொற்று ஒன்றை எதிர்கொண்டது 2020-இலேதான்.

அவர்கள் வாழ்வின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். கடுமையான இரத்தப் புற்று கண்ட குழந்தைக்குச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நடைபெறுகிறது. முதற் சில மாதங்கள் ஊசியும் சொட்டு மருந்தும். பின்னர் நாள்தோறும் ஒரு மாத்திரை, வாரந்தோறும் மற்றொரு மாத்திரை. இடையிடையே இரத்தப் பரிசோதனை. வெள்ளணுக்கள் குறையும் நாட்களில் சிறு காய்ச்சலும் பேராபத்து. ஆகவே வீட்டில் கொதித்தாறிய நீர், அப்போதைக்கப்போது சமைத்த உணவு, அடிக்கடி கை கழுவுதல், கூட்டத்தை விலக்குதல் ஆகிய ஒழுங்குகள் அமைகின்றன. திருமண வீட்டிற்கும் திருவிழாவிற்கும் போகாத குடும்பம் அது. நாடு முழுவதும் 2020-இல் மேற்கொண்ட ஒழுக்கத்தை அவ்வீட்டுத் தாய்மார்கள் முன்னரே பழகியிருந்தனர். ஒழுக்கம் அவர்கள் கையிலிருந்தது. ஊசி போடும் இடமும், அங்குச் செல்லும் வழியும் அவர்கள் கையில் இல்லை.

2020 மார்ச் 11-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனா நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு. பிரயாணிகள் ரயில்கள் நின்றன. மாநில எல்லைகள் மூடப்பட்டன. பரேல் நடைபாதையிலும் தாதரிலுள்ள காட்கே மகராஜ் தருமசாலையிலும் தங்கியிருந்த வெளியூர்க் குடும்பங்களுக்கு, ஊர் திரும்பவும் வழியில்லை. ஊரிலிருந்து பணமோ துணையோ வரவும் வழியில்லை. வேலூரிலும் இதே நிலைதான். வங்காளம், ஜார்க்கண்டு, வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றிலிருந்து காட்பாடி நிலையத்தில் இறங்கி மருத்துவம் நாடுவோர் ஏராளம். அவர்களுள் பலர் வாரக்கணக்கில் விடுதி அறைகளில் அடைபட்டிருந்தனர். 2020 மே மாதத்தில் விடப்பட்ட சிறப்பு ரயில்களே அவர்களை ஊர் சேர்த்தன. மொழி அறியாத ஊரில், வாடகை ஏறிக்கொண்டிருக்க, இரத்த அணுக்களின் எண்ணிக்கையை நாள்தோறும் கேட்டறிந்து வாழ்வது எத்தகைய வாழ்வு என்பதைப் பிறந்த ஊர் விட்டுப் பிற மாநிலத்தில் வாழும் நாம் ஓரளவு உணரக்கூடும்.

புறப்படவே இயலாதவர் எத்தனை பேர்? இதற்குக் கணக்கு இருக்கிறது. நாட்டிலுள்ள 41 புற்றுநோய் மருத்துவ நிலையங்களின் ஏடுகளை ஆராய்ந்து, 2021-இல் அறிஞர் குழுவொன்று முடிவுகளை வெளியிட்டது. 2019 மார்ச் முதல் மே முடிய மூன்று மாதங்களில் அந்நிலையங்களில் புதிதாகப் பதிவு செய்துகொண்ட புற்றுநோயாளர் 1,12,270 பேர். 2020-இல் அதே மூன்று மாதங்களில் 51,760 பேர். அதாவது நூற்றுக்கு 54 குறைவு. முன்னரே சிகிச்சை பெற்றவர் மறுபடி காட்டிக்கொள்ள வருவது நூற்றுக்கு 46 குறைந்தது. வெளிநோயாளராக வந்து மருந்து ஏற்றிக்கொள்வது நூற்றுக்கு 37 குறைந்தது. இவை எல்லா வகைப் புற்றுநோய்க்கும் பொதுவான கணக்குகள். ஏட்டில் பெயர் ஏறாத அறுபதினாயிரம் பேரை நோய் மறந்துவிட்டதாகப் பொருளன்று. கட்டியாகத் தோன்றும் சில புற்றுகள் மெல்ல வளர்வன. அவற்றிற்குச் சில வாரத் தாமதம் பொறுக்கலாம். கடுமையான இரத்தப் புற்றுக்கு அப்பொறுமை இல்லை. ஈறுகளில் இரத்தம் கசிந்து, காய்ச்சல் மாறாத பிள்ளைக்கு ஒரு மாதம் என்பது மிக நீண்ட காலம்.

இரத்தம் கிடைப்பதும் அரிதாயிற்று. கல்லூரிகளும் அலுவலகங்களும் கோயில்களும் மூடப்பட்டமையால் இரத்த தான முகாம்கள் நின்றன. செவ்வணுக்களை ஐந்தாறு வாரங்கள் குளிரில் சேமித்து வைக்கலாம். இரத்தம் உறையத் துணைசெய்யும் தட்டணுக்களையோ ஐந்து நாட்களுக்கு மேல் வைத்திருத்தல் இயலாது. ஆகவே அதனை இன்று ஒருவர் கொடுத்தால்தான் இவ்வாரம் மற்றொருவர் பிழைப்பார். உறவினர் சூழ்ந்திருக்கும் ஊரில் கொடுப்பவரைத் தேடுவது எளிது. வெளியூர் நோயாளிக்குக் கொடுப்பவர் யார்? முன்பின் அறியாதவரே கொடுத்தாக வேண்டும்.

தொற்று பற்றிக்கொண்டால் நேரும் கேடும் பெரிது. 2020-இல் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 3,377 நோயாளரின் நிலையை ஆராய்ந்தபோது, பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த வயது வந்தவருள் நூற்றுக்கு 34 பேர் இறந்தது தெரியவந்தது. குழந்தைகளுள் இறந்தவர் நூற்றுக்கு 4 பேர். மருத்துவமனைக்குப் போனால் தொற்று, போகாவிட்டால் புற்று. இவ்விரண்டிற்கும் நடுவே ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே முடிவு செய்ய வேண்டியிருந்தது. உட்செல்ல ஒரு துணைக்கே அனுமதி என்றிருந்த இடங்களில், தாய் உள்ளே இருந்தால் தந்தை வெளியே காத்திருந்தார். பிள்ளையின் முகத்தைத் தொலைபேசித் திரையிலே கண்டு ஆறுதல் கொண்டோர் பலர்.

இங்கே ‘வாழ்வின் தரம்’ என்று மருத்துவர் கூறுவதன் பொருளை ஆராய்தல் தகும். நோயாளி எத்தனை நாள் உயிரோடிருந்தார் என்பதோடு நில்லாது, அந்நாட்களை எவ்வாறு கழித்தார் என்றும் கேட்க வேண்டும் என்ற எண்ணம் மருத்துவ உலகில் மெல்லவே வேரூன்றியது. 1948-இல் கார்னாப்ஸ்கி முதலிய அமெரிக்க மருத்துவர்கள், தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் ஆற்றலை நூறு முதல் பூச்சியம் வரை அளக்கும் அளவுகோல் ஒன்றை அமைத்தனர். 1993-இல் ஐரோப்பிய அறிஞர் 30 வினாக்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டனர். நடக்க முடிகிறதா, உறக்கம் வருகிறதா, பசி உண்டா, மனம் கலங்குகிறதா, குடும்ப வாழ்வு பாதிக்கப்பட்டதா, பணமுடை உண்டா என்று அது நோயாளியையே கேட்கிறது. நல்ல வினாக்கள்தாம். ஆனால் ரயில் ஓடுகிறதா, தங்க இடம் இருக்கிறதா, இரத்தம் கொடுப்பார் உண்டா என்று அதில் கேள்வி இல்லை. அவை எப்போதும் இருக்கும் என்று எண்ணிவிட்டனர் போலும். நம் நாட்டு நோயாளியின் பசியும் உறக்கமும் மனநிம்மதியும் பெரிதும் அவற்றையே சார்ந்து நிற்கின்றன என்பதைப் பெருந்தொற்று விளங்கச் செய்தது.

வழி அடைபட்ட அந்நாட்களில், புதுவழி வெட்ட முயன்றவர்களையும் நாம் நினைத்தல் வேண்டும். சிகிச்சையைக் கைவிடுவதில்லை என்று டாட்டா மருத்துவமனை தீர்மானித்து, 2020 ஏப்ரலில் தன் அனுபவத்தை மருத்துவ உலகிற்கு எழுதியது. தொலைவிலிருந்தே மருத்துவ ஆலோசனை கூறுவதற்கான நெறிமுறைகளை மத்திய அரசாங்கம் 2020 மார்ச் 25-ஆம் நாளிலேயே வெளியிட்டது. மருத்துவர் சிலவிடங்களில் ஊசிக்கு ஈடாக மாத்திரையைத் தந்தனர். வருகைகளின் இடைவெளியை நீட்டினர். காத்திருக்கக்கூடிய மச்சை மாற்றுச் சிகிச்சைகளைத் தள்ளி வைத்தனர். தபால் இலாகாவின் வண்டிகள் மருந்துப் பொட்டலங்களைச் சுமந்தன. கேரளத்தில் தீயணைப்புப் படையினர் வீடு வீடாகச் சென்று மருந்து கொடுத்தனர். திருவனந்தபுரம் வரை வர இயலாதவர்க்கு மாவட்ட மருத்துவமனைகளிலேயே மருந்து ஏற்ற ஏற்பாடு செய்யப்பட்டது. மும்பைப் புறநகர் ரயில்கள் பொதுமக்களுக்கு இன்னும் திறவாதிருந்தபோதே, 2020-இன் பிற்பகுதியில் புற்றுநோயாளர் அவற்றில் செல்ல அனுமதி பெற்றனர். அந்த அனுமதி ஒரு மருந்துக்கு ஒப்பானது.

தடுப்பூசி வந்தபின் நிகழ்ந்ததையும் கூறல் வேண்டும். 2021 மார்ச் முதல் நாளிலிருந்து, 45 வயது கடந்து வேறு நோயும் உள்ளவர்க்கு ஊசி போடத் தொடங்கினர். அந்நோய்களின் பட்டியலில் இரத்தப் புற்று வகைகளும் இடம்பெற்றிருந்தன. ஆயினும் ஊசி எல்லாரையும் ஒன்றுபோல் காக்கவில்லை. நோயை எதிர்க்கும் பொருளை ஆக்கும் அணுக்களிலேயே சிலருக்குப் புற்று. வேறு சிலருக்குச் சிகிச்சை மருந்தே அவ்வணுக்களை அழிக்கிறது. இத்தகையோர் உடலில் தடுப்பூசி போதிய பயன் விளைக்கவில்லை என்று ஆய்வுகள் காட்டின. ஆகவே நாடு முகக்கவசத்தைக் கழற்றிய பின்னும் அவர்கள் கழற்றவில்லை. 2023 மே 5-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் நெருக்கடி நீங்கியதாக அறிவித்தபோது, நமக்கு ஒரு காலம் முடிந்தது. அவர்களுக்கோ பழைய காலமே தொடர்ந்தது. ரயில் பெட்டியில் முகக்கவசத்தோடு அமர்ந்திருக்கும் ஒருவரைக் கண்டு, ‘இன்னுமா அச்சம்?’ என்று நகைப்போர், இதனைச் சிறிது எண்ணிப் பார்த்தல் நன்று.

நிற்க. பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது யாது? மருந்து காண்பது அறிஞர் கடன். விலையைக் கட்டுப்படுத்துவதும், சிகிச்சையை மாவட்டந்தோறும் கொண்டு சேர்ப்பதும் அரசாங்கத்தின் கடன். அவற்றிற்கு அப்பால், நோயாளியின் அன்றாட வாழ்வைத் தாங்கும் சிறு உதவிகள் பல அண்டை வீட்டார் கையில் உள்ளன. நாம் குடியேறிய நகரத்தின் இரத்த வங்கியில் ஆண்டிற்கு இருமுறையேனும் இரத்தம் கொடுக்கலாம். தட்டணு கொடுக்கப் பெயர் பதிந்து வைக்கலாம். தமிழகத்திலிருந்து வந்து மொழி தெரியாமல் மருத்துவமனை வரிசையில் நிற்பவர்க்கு ஒரு மணி நேரம் மொழிபெயர்த்து உதவலாம். இங்கேயே பிறந்தவர்க்கும் அந்த உதவி செய்யலாம். படிவம் நிரப்பத் தெரியாமல் தவிப்பவர் எல்லா மொழியிலும் உண்டு. நம் தமிழ்ச் சங்கங்கள் விழாக்காலத்திற்குச் சேர்க்கும் நிதியில் ஒரு சிறு பங்கை, சிகிச்சைக்கு வந்தவரின் அறை வாடகைக்கென ஒதுக்கலாம். இவை பெருந்தொற்றுக் காலத்திற்கு மட்டும் உரியன அல்ல. அமைதிக் காலத்தில் பழகிய உதவிதான் இடர்க் காலத்தில் தானே வந்து நிற்கும்.

பம்பாய்ப் பஞ்சாலைப் பெண்களின் வெளுத்த முகத்தைக் கண்டு தொடங்கிய ஓர் ஆராய்ச்சி, கடல் கடந்து சென்று, பாஸ்டன் நகரக் குழந்தைகளுக்கு முதல் மருந்தாயிற்று. அம்மருந்தின் வழிவந்த மாத்திரையைப் பெற இன்று ஒடிசாவின் ஒரு சிற்றூரிலிருந்து ஒரு தந்தை தம் பிள்ளையைத் தோளில் சுமந்து பரேலுக்கு வருகிறார். அது புறப்பட்ட இடமும் அதே பரேல் என்பது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிய வேண்டியவை வேறு: மருத்துவமனைக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், இரவு எங்கே தங்கலாம், இரத்தம் யாரிடம் கேட்கலாம். அவ்வழியே நாள்தோறும் செல்லும் நாம் அதனைச் சொல்லலாம்.